இரண்டு சலவை இயந்திரம், ஒரே வடிகால்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வெளியூரில் வேலை செய்யும் மகன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வீட்டுக்கு வந்துவிட்டார். குழந்தைத் துணிக்கென்று புதிதாக ஒரு சலவை இயந்திரமும் வந்திறங்கிவிட்டது. பின்கட்டுச் சமையலறையில் பத்து ஆண்டாக உழைக்கும் பழைய இயந்திரத்தின் பக்கத்தில் அதை வைத்து, அதன் வடிகுழாயையும் பழையது போகும் அதே குழாய்க்குள் செருகிவிட்டார்கள். சனிக்கிழமை காலை ஒன்றில் சன்னல் திரைகள், மற்றொன்றில் குழந்தைத் துணிகள். அரை மணி நேரம் கழித்துக் குளியலறையிலிருந்து 'குடுகுடு' என்று ஒரு சத்தம். தரையிலுள்ள வடிகால் மூடி வழியாக வெண்ணுரை பொங்கி வருகிறது. சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். காபி போட வந்த பாட்டி வாசலிலேயே நின்றதால் வழுக்கி விழாமல் தப்பினார்.

வாசகர்களே, இந்த வீடு உங்கள் வீடாகவும் இருக்கலாம். பழுது எந்த இயந்திரத்தில்? இரண்டிலும் இல்லை. ஒரு இயந்திரத்தின் நீரை மட்டுமே தாங்கும் குழாயில் இரண்டின் நீரை விட்டதுதான் கோளாறு. இதற்குப் பின்னால் உள்ள அறிவியலை இந்த வாரம் பார்ப்போம். கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் காற்றழுத்தம். இரண்டுமே இடைநிலைப்பள்ளி மாணவர் அறிந்தவைதாம்.

எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது?

வடிகாலைப் பொறுத்தவரை, இயந்திரம் மொத்தம் எத்தனை லிட்டர் நீர் குடிக்கிறது என்பதைவிட, நிமிடத்துக்கு எத்தனை லிட்டரை வெளியே தள்ளுகிறது என்பதே முக்கியம். கைகழுவும் தொட்டியில் நீர் நிதானமாக இறங்கும். சலவை இயந்திரம் அப்படி அன்று. சேர்த்து வைத்த நீரையெல்லாம் ஒரே மூச்சில் வெளியேற்றும்.

முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் இதை நீங்களே அளக்கலாம். 10 லிட்டர் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடிகுழாயின் முனையை இயந்திரத்தின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, நீரை வாளிக்குள் விடுங்கள். வாளி நிறைய 24 வினாடி ஆனால், வேகம் நிமிடத்துக்கு 25 லிட்டர். 20 வினாடி ஆனால் 30 லிட்டர். மேலே திறக்கும் இயந்திரம் என்றால், தொட்டியில் அளந்து நீர் ஊற்றி, அது முழுதும் வடிய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். நம் கணக்குக்கு, ஒவ்வொரு இயந்திரமும் நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

குழாய் எவ்வளவு தாங்கும்?

அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-இல் முன்வைத்த ஒரு சமன்பாடு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. குழாயின் விட்டம், அதன் வாட்டம், உட்புறம் எவ்வளவு வழவழப்பு ஆகிய மூன்றும் தெரிந்தால் அதில் எவ்வளவு நீர் ஓடும் என்று சொல்லிவிடலாம். குழாய் வேலை செய்பவர்கள் 'வாட்டம்' என்று சொல்வது சாய்வைத்தான். 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் 40-க்கு 1 வாட்டம். அதாவது ஒரு மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர். 3 மீட்டர் நீளக் குழாய் என்றால் முனைக்கு முனை 7.5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

இந்த வாட்டத்தில், வழவழப்பான புதிய பிவிசி குழாய் பாதி நிறைந்து ஓடும்போது ஏறத்தாழ எவ்வளவு நீரைக் கொண்டுசெல்லும் என்று பாருங்கள்:

32 மி.மீ. விட்டம்: நிமிடத்துக்கு 15 லிட்டர்
40 மி.மீ. விட்டம்: நிமிடத்துக்கு 28 லிட்டர்
50 மி.மீ. விட்டம்: நிமிடத்துக்கு 50 லிட்டர்
75 மி.மீ. விட்டம்: நிமிடத்துக்கு 148 லிட்டர்
100 மி.மீ. விட்டம்: நிமிடத்துக்கு 317 லிட்டர்

ஏன் பாதி? மேல் பாதியில் காற்று போய்வர வேண்டும். வடிகால் குழாய் நீருக்கு மட்டுமான பாதையன்று, காற்றுக்கும் அதுதான் பாதை. குழாய் முழுக்க நீர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். 40-க்கும் 50-க்கும் இடையில் 10 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. கொள்ளளவோ 80 விழுக்காடு கூடிவிடுகிறது. விட்டம் இரட்டிப்பானால் கொள்ளளவு ஆறு மடங்குக்கும் மேல். அகலமான குழாயில் நீரின் பெரும்பகுதி சுவரை உரசாமல் ஓடுவதால் வேகமும் கூடுகிறது.

இப்போது நம் வீட்டுக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு இயந்திரம் 25 லிட்டர். ஒன்றரை அங்குலக் குழாய், அதாவது 40 மி.மீ., போதும். பத்து ஆண்டாகத் தொல்லை இல்லாமல் ஓடியதற்குக் காரணம் இதுதான். இரண்டு இயந்திரம் சேர்ந்தால் 50 லிட்டர். அதே குழாய் முட்ட முட்ட நிறைந்துவிடும். இரண்டு அங்குலக் குழாய் போட்டால் கணக்குக்குச் சரியாக இருக்கும், ஆனால் மிச்சமே இராது. ஓராண்டில் உள்ளே சோப்புக் கசடு படிந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும். ஆகவே இரண்டின் நீரும் சேர்ந்து ஓடும் பகுதிக்கு மூன்று அங்குலம் வைப்பதே நிம்மதி.

வாட்டம் குறைந்தாலும் இதே கதிதான். 50 மி.மீ. குழாயை 100-க்கு 1 என்ற வாட்டத்தில் படுக்கவைத்தால், 50 லிட்டர் 32 லிட்டராகிவிடும். வேகமும் வினாடிக்கு 0.85 மீட்டரிலிருந்து 0.54 மீட்டருக்கு இறங்கிவிடும். மெதுவாக ஓடும் நீர் பஞ்சையும் மணலையும் இழுத்துச் செல்லாது, வழியிலேயே விட்டுவிட்டுப் போகும்.

'ஒரே நேரத்தில் வடியாதே!'

'இரண்டும் ஒரே நேரத்திலா நீரை வெளியேற்றப் போகின்றன? அது எப்போதோ ஒரு முறை நடப்பதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நிகழ்தகவைக் கேட்போம்.

ஒரு மணி நேரச் சலவையில் ஒரு இயந்திரம் மூன்று முறை நீரை வெளியேற்றுகிறது, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் என்று கொள்வோம். மொத்தம் 6 நிமிடம்தான். மற்ற 54 நிமிடமும் வடிகால் சும்மா இருக்கிறது. முதல் இயந்திரத்தின் ஒரு வெளியேற்றமும் இரண்டாவதன் ஒரு வெளியேற்றமும் மோத வேண்டுமானால், அவை 2 நிமிட இடைவெளிக்குள் முன்னோ பின்னோ தொடங்க வேண்டும். அது 60 நிமிடத்தில் 4 நிமிடச் சாளரம். பதினைந்தில் ஒரு வாய்ப்பு. சின்ன எண்தான். ஆனால் இங்கே மூன்றுக்கு மூன்று, ஒன்பது இணைகள் இருக்கின்றன. ஒன்பதை 15-ஆல் வகுத்தால் 0.6. அதாவது இரண்டையும் ஒன்றாக ஓட்டும் ஐந்து சலவைகளில் சராசரியாக மூன்று மோதல்கள்! இயந்திரங்கள் ஒரே வகையாக இருந்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தொடக்கியிருந்தால், மூன்று முறையும் மோதும்.

ஒன்றைப் பத்து நிமிடம் தாமதித்துத் தொடக்கினால் தப்பலாமே என்றால், அதையும் முழுதாக நம்ப முடியாது. துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் இயந்திரம் தானே நேரத்தை நீட்டிக்கொள்ளும். தாமதம் உதவும், உத்தரவாதம் தராது.

இத்தகைய கணக்கை முறைப்படுத்தியவர் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் பணியாற்றிய ராய் ஹன்டர். ஒரு கட்டடத்திலுள்ள தொட்டி, கழிவறை, குளியல் எல்லாம் ஒரே நொடியில் திறக்கும் என்று வைத்துக் குழாய் போட்டால் செலவு தாங்காது. ஒன்றுமே மோதாது என்று வைத்தால் வீடு நனையும். ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு நீர் விடுகிறது, எவ்வளவு நேரம் விடுகிறது, எத்தனை முறை விடுகிறது என்று பார்த்து, நிகழ்தகவின்படி அதற்கொரு மதிப்பெண் கொடுக்கும் முறையை அவர் 1940-இல் வெளியிட்டார். இன்றைய குழாய் விதிமுறைகள் பலவற்றின் அடித்தளம் அதுதான். ஆனால் நூறு வீடுகள் உள்ள அடுக்குமாடியில் சராசரி கைகொடுக்கும். இரண்டே இயந்திரம் உள்ள வீட்டில் சராசரியை நம்பக்கூடாது. இரண்டும் ஒன்றாக வடியும் என்றே வைத்துக் குழாயைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்து சென்டிமீட்டர் காவலன்

அந்தக் 'குடுகுடு' சத்தத்துக்கு வருவோம். தொட்டிக்கு அடியிலும் தரை வடிகாலுக்குள்ளும் குழாய் வளைந்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும். பிளம்பர்கள் அதை 'டிராப்' என்பார்கள். நாம் நீர்ப்பூட்டு என்று சொல்லலாம். லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் கழிவறைக்காக இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். நீர் இறங்கிப் போகும், ஆனால் கழிவுநீர்க் குழாயிலுள்ள கெட்ட காற்றும் பூச்சிகளும் மேலே வரமுடியாது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத கதவு அது.

இந்தக் கதவின் ஆழம் வழக்கமாக 5 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம் சுமார் 490 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. உறிஞ்சுகுழல் வைத்து 20 சென்டிமீட்டர் உயரக் குவளையிலிருந்து சிராப் தண்ணீர் குடிக்கும்போது, உங்கள் வாய் இதைவிட நான்கு மடங்கு வலுவாக இழுக்கிறது. அவ்வளவு மெல்லிய கதவு!

குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு நீர் ஓடும்போது அது ஒரு பிஸ்டன்போல் ஆகிவிடுகிறது. முன்னால் உள்ள காற்றை நெருக்குகிறது, பின்னால் உள்ள காற்றை இழுக்கிறது. நெருக்கும் காற்று அடுத்த அறையின் நீர்ப்பூட்டு வழியாகக் குமிழியிட்டு மேலே வரும். இழுக்கும் காற்று நீர்ப்பூட்டில் உள்ள நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். 'குடுகுடு' என்பது காவலன் தள்ளாடும் சத்தம். சலவை முடிந்தபின் சாக்கடை நாற்றம் வந்தால், காவலன் விழுந்துவிட்டான் என்று பொருள்.

இது வெறும் நாற்றத்தோடு போகும் சங்கதியன்று. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரை அது தொற்றியது. அங்கே பல வீடுகளில் குளியலறைத் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்ததால், தரை வடிகாலின் நீர்ப்பூட்டு காய்ந்துபோயிருந்தது. குளியலறை மின்விசிறி இழுத்த காற்றோடு கழிவுக்குழாயிலிருந்த கிருமித் துளிகளும் வீட்டுக்குள் வந்தது பரவலுக்கு ஒரு வழியாக இருந்தது என்று ஆய்வில் தெரியவந்தது. கைக்குழந்தையும் முதியவரும் இருக்கும் வீட்டில் அந்த ஐந்து சென்டிமீட்டர் நீருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

செய்து பாருங்கள்

மீன் தொட்டிக்குப் பயன்படும் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயில் அரை மீட்டர் வாங்குங்கள். அதை 'ப' எழுத்தைப்போல வளைத்து, இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வண்ண நீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் மிக மெதுவாக ஊதுங்கள். மறுபக்கம் நீர் ஏறுவதைப் பாருங்கள். சற்றே கூட்டி ஊதினால் குமிழி வந்துவிடும். உங்கள் மூச்சுக்கே தாங்காத பூட்டு, நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளும் இரண்டு இயந்திரத்துக்குத் தாங்குமா? வண்ண நீரை வாயில் உறிஞ்சிவிடாதீர்கள், ஊதினால் போதும்.

பழையது இறங்கும், புதியது ஏறும்

நம் வீடுகளில் பலரும் அறியாத இன்னொரு சிக்கல் உண்டு. மேலே திறக்கும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் நீரை வெளியேற்ற பம்ப் கிடையாது. அடியில் ஒரு வால்வு திறக்கும், நீர் தன் எடையால் தானே இறங்கும். அதனால்தான் அவற்றின் வடிகுழாய் தரையை ஒட்டியே கிடக்கிறது. அதைத் தூக்கி உயரமான குழாயில் செருகினால் நீர் வடியாது, துணி நீரிலேயே ஊறிக் கிடக்கும்.

முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில் பம்ப் உண்டு. அதன் வடிகுழாய் முனை உயரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் 60 முதல் 100 சென்டிமீட்டர் வரை என்று கையேட்டில் இருக்கும். அதைத் தரையில் போட்டால் எதிர்மாறான கோளாறு வரும். குழாய் முனை உள்ளே இருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் வடிகுழாய் விளைவு ஏற்பட்டு, பம்ப் ஓடாதபோதும் நீர் தானே இழுத்துக்கொண்டு போகும். இயந்திரம் நிரப்பிக்கொண்டே இருக்கும், அது வடிந்துகொண்டே இருக்கும். சலவையும் முடியாது, தண்ணீர்க் கட்டணமும் ஏறும்.

ஆகவே ஒன்றுக்குத் தாழ்ந்த வாய் வேண்டும், மற்றதற்கு உயர்ந்த வாய் வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டையில் செருகினால், புதியது பம்ப் வைத்துத் தள்ளும் நீர் பழையதன் தாழ்ந்த வாய் வழியாகத் தரைக்கு வந்துவிடும். தீபாவளிச் சனிக்கிழமையில் நடந்தது இதுவும்தான்.

நீர் போய்ச் சேரும் இடம்

அவசரத்துக்கு ஒரு வழி பலருக்கும் தோன்றும். இரண்டாவது இயந்திரத்தின் குழாயைப் பின்கதவு வழியாக வெளியே விட்டு, பின்சந்து லோங்காங்கில் நீரை விட்டுவிடலாமே என்று. வேண்டாம். அந்தக் கால்வாய் மழைநீருக்கானது. அதில் விழும் நீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகும். சலவைத்தூளில் உள்ள நுரைப்பொருள் நீர்வாழ் உயிர்களைப் பாதிக்கும். பாஸ்பேட் இருந்தால் பாசி பெருகி, நீரிலுள்ள உயிர்வாயு குறைந்துபோகும். சிங்கப்பூரில் நிலப்பரப்பின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை, குடிநீருக்கான நீர்த்தேக்கங்களுக்குச் செல்கிறது. அங்கே மழைநீர்க் கால்வாயில் விடும் சோப்பு நீர் குடிநீரின் தலைவாசலில் விடுவதற்குச் சமம். கழிவுநீர்க் குழாய் வழியே போனால் அதே நீர் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச்சேரும்.

மலேசியாவின் பழைய வீடுகள் பலவற்றில் சமையலறை நீரும் சலவை நீரும் லோங்காங்குக்கே போகும்படி அமைந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் எப்படி என்று அறிய ஒரு வாளி நீரில் சிறிது உணவு வண்ணம் கலந்து சலவை வடிகாலில் ஊற்றுங்கள். பின்சந்துக் கால்வாயில் நிறம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. அடுத்த முறை வீட்டைப் புதுப்பிக்கும்போது அதையும் மாற்றத் திட்டமிடுங்கள்.

சரி, எப்படி அமைப்பது?

1. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனி நுழைவாய் கொடுங்கள். பம்ப் உள்ளதற்கு 50 மி.மீ. நிமிர்ந்த குழாய். பம்ப் இல்லாததற்குத் தரை வடிகாலின் வாய்.

2. இரண்டும் சேரும் இடத்திலிருந்து குழாய் 75 அல்லது 100 மி.மீ. ஆகட்டும். எதிரெதிராக முட்டும் இணைப்பு வேண்டாம். நீர் ஓடும் திசையில் சரிந்து சேரும் 'ஒய்' வடிவ இணைப்பே நல்லது. இல்லையேல் ஒன்றன் நீர் மற்றதன் குழாயில் ஏறும்.

3. வாட்டம் மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர் இருக்கட்டும். நடுவில் தொய்வு இருக்கக்கூடாது.

4. வடிகுழாயை நிமிர்ந்த குழாய்க்குள் செருகியபின் சுற்றிலும் இடைவெளி இருக்க வேண்டும். நாடா சுற்றி அடைக்காதீர்கள். அந்த இடைவெளி வழியே காற்று போனால்தான் வடிகுழாய் விளைவு தடைப்படும். கரைக்கும் அளவு ஆழமாகவும் செருக வேண்டாம், ஒரு சாண் போதும்.

5. நீர் போகும் பாதையில் ஒரே ஒரு நீர்ப்பூட்டு இருக்கட்டும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருந்தால் நடுவில் சிக்கும் காற்று நீரைத் தடுக்கும்.

6. சலவை நீரைச் சமையல் தொட்டிக் குழாயோடு சேர்க்காதீர்கள். துணியிலிருந்து வரும் பஞ்சும் சமையல் எண்ணெயும் சேர்ந்தால் குழாய்க்குள் கயிறு திரித்ததுபோல் அடைப்பு உண்டாகும். வடிகுழாய் முனையில் ஒரு வலை கட்டி, வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

7. சலவைத்தூளை அளந்து போடுங்கள். முன்பக்கம் திறக்கும் இயந்திரத்துக்கு நுரை குறைந்த வகையே ஏற்றது. நுரை நீரைப்போல் வடியாது, குழாயில் காற்றுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். அடுக்குமாடியில் மேல்வீட்டு நுரை கீழ்வீட்டுத் தரை வடிகாலில் பொங்குவது இதனால்தான்.

8. மின்சாரத்தையும் மறக்காதீர்கள். நீரைச் சூடாக்கும் இயந்திரம் ஒன்று 2,000 வாட் வரை இழுக்கக்கூடும். 13 ஆம்பியர் செருகுவாய் தாங்குவது சுமார் 3,000 வாட்தான். இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருக வேண்டாம். ஈரத் தரையில் அந்தக் கம்பி கிடப்பது இன்னும் ஆபத்து.

குழாயை உடைத்து மாற்றும் வேலையை உரிமம் பெற்ற பிளம்பரிடம் விடுங்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் அனுமதியும் தேவைப்படும். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். 'சேரும் இடத்தில் எத்தனை அங்குலம்? வாட்டம் எவ்வளவு? காற்று எந்த வழியாகப் போகும்?' இந்த மூன்று கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு இயந்திரத்திலும் நீரை நிரப்பி, இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியேற்றுங்கள். ஒருவர் இயந்திரத்தருகே நிமிர்ந்த குழாயின் வாயைப் பார்க்கட்டும். இன்னொருவர் குளியலறையில் நின்று காது கொடுக்கட்டும். நீர் மேலே ஏறாமல், 'குடுகுடு' சத்தம் வராமல், தரை வடிகாலில் நீர் அசையாமல் நின்றால், உங்கள் வடிகால் தேர்வில் தேறிவிட்டது. தீபாவளித் திரைகளைத் துவைக்கப் போடலாம். பாட்டியும் பயமில்லாமல் காபி போடப் போகலாம்.